முசுறுக்குச் சொந்த ஊர் எது?

எங்கள் சித்தப்பா ரயிலில் ஏறி, பையை இருக்கைக்கு அடியில் தள்ளியதும் எதிரே இருப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "தம்பிக்குச் சொந்த ஊரு எது?" சென்னை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "அது இருக்கட்டும், பூர்வீகம்?" என்று அடுத்தது வரும். அந்த ஆளின் தாத்தா எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரைவிட்டுக் கிளம்பினார் என்பதுவரை தோண்டி எடுத்த பிறகுதான் தண்ணீர் பாட்டிலையே திறப்பார்.

அவர் போன மாதம் வடக்கே ஒரு சுற்றுலா போய்வந்தார். திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு பதக்கம். தேன் நிறம், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, நட்டநடுவில் ஒரு கொசு. ஆறு காலும் விரித்து, ஸ்டூடியோவில் படம் எடுக்க நிற்பதுபோல நிற்கிறது.

"ஏல, இது என்னன்னு தெரியுமா? அம்பரு. பத்துக் கோடி வருஷத்துக் கொசு. மூட்டுவலிக்கு நல்லதாம்."

"எவ்வளவு சித்தப்பா?"

"ரெண்டாயிரம் சொன்னான். ஆயிரத்தி எழுநூறுக்கு முடிச்சேன்."

"இங்க ஓசியிலேயே கெடக்கு கொசு" என்று அடுக்களையிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பத்துக் கோடி வருஷம்னா குமரிக்கண்டத்துக் கொசுவாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். கொசுவுக்கும் பூர்வீகம் கண்டுபிடித்தாயிற்று.

பூச்சிகளிடம் போய்ப் பூர்வீகம் கேட்பது எவ்வளவு வில்லங்கமான வேலை என்று அவருக்குச் சொல்ல அன்று மதியம் முழுக்க முயன்றேன். சாட்சியாக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாமரத்து முசுறையே கூப்பிட்டேன்.

முசுறு தெரியாதவர்கள் மாமரம் ஏறாதவர்கள். செம்மஞ்சள் நிறம், நீளக் கால், இடுப்பு இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஓர் உடம்பு. நாலைந்து இலைகளைச் சேர்த்துப் பந்துபோலக் கூடு கட்டும். அதன் தொழில்நுட்பம் கொஞ்சம் கொடூரமானது: பெரியவர்கள் வரிசையாக நின்று இரண்டு இலையின் ஓரங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொரு எறும்பு சொந்தக் குடும்பத்துப் பிள்ளைப்புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, இந்த ஓரத்தில் ஒரு தொடல், அந்த ஓரத்தில் ஒரு தொடல் என்று தைக்கும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டுநூல்தான் தையல். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தையல் மிஷினாக ஓட்டும் குடும்பம் அது. கிளையைத் தெரியாமல் தொட்டுவிட்டால் முதலில் கடிக்கும், பிறகு பின்புறத்தை வளைத்துக் கடிவாயிலேயே அமிலத்தைப் பீய்ச்சும். புளிப்பு வாடை மூக்கில் ஏறும்போது நீங்கள் பாதி மரத்திலிருந்து குதித்திருப்பீர்கள்.

இதைவிட அசல் உள்ளூர்க்காரன் யார் இருக்க முடியும்? சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார். "நம்ம மண்ணோட எறும்புல்லா."

1868இல் குஸ்டாவ் மாயர் என்கிற ஆஸ்திரியர் பால்டிக் கடற்கரை அம்பருக்குள் கிடந்த எறும்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜெர்மனி, போலந்து, லித்துவேனியா என்று குளிரில் பல் கிட்டும் கரை அது. அந்த எறும்புக் கூட்டத்தில் நீளக் காலும் இல்லாத இடுப்புமாக நிற்கிறது நம்முடைய முசுறு. நம் மாமரத்து இனமேதான் என்று சொல்ல முடியாது, ஆனால் அதே பேரினம். சுமார் 4 கோடி ஆண்டுப் பழசு. பிற்பாடு இங்கிலாந்தின் வைட் தீவிலும் அதன் சொந்தக்காரர்கள் கல்லில் அகப்பட்டார்கள். இன்று ஐரோப்பாவில் ஒரு முசுறுகூடக் கிடையாது. மிச்சம் இருப்பவை இரண்டே இனம். ஒன்று ஆப்பிரிக்காவில், மற்றொன்று இந்தியா தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடக்குவரை.

காரணம் எளிது. 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி ஒரே புழுக்கம். துருவத்தில் பனி இல்லை, ஆர்க்டிக் வட்டத்துக்குள் முதலை வம்சத்தார் வெயில் காய்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவே நம் குற்றாலத்துச் சாரல் காடு மாதிரி இருந்தது. பிறகு குளிர் ஏற, முசுறு ஐரோப்பாவிலிருந்து அற்றுப்போனது, வெப்பம் மிஞ்சிய தெற்கில் மட்டும் தங்கியது. வந்து தங்கிய இடத்தில் நின்றுகொண்டு, இப்போது நம்மை "யாருல நீ, மரத்துல ஏற?" என்று கேட்கிறது.

இத்தனையும் நமக்குத் தெரிவது ஒரு மரத்தின் புண்ணால். மரப்பட்டையில் காயம் பட்டால் பிசின் வடியும். அதன் வேலை வண்டைத் துரத்துவது, பூஞ்சையை அடைப்பது. வேலையில்லாமல் அந்தப் பக்கம் வந்த கொசு, எறும்பு, சிலந்தி எல்லாம் அதில் கால் வைக்கும். வைத்த கால் வராது. அடுத்த சொட்டு தலைக்கு மேல் விழும். ஆஸ்திரேலியாவின் ஆங்கில்சி என்ற இடத்தில் 4 கோடிச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய ஈ ஜோடி ஒன்று கலவியின் நடுவிலேயே சிக்கிக் கிடக்கிறது. அறிவியல் ஏடு அதை முழுப் படத்தோடு வெளியிட்டது. அந்தரங்கம் என்பதற்கெல்லாம் தொல்லுயிரியலில் இடமில்லை.

பிசின் மண்ணுக்கடியில் போய், உள்ளே ஆவியாகக்கூடியது எல்லாம் ஆவியாகி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகினால் அம்பர். பெயர்தான் கொஞ்சம் அசிங்கமான வழியில் வந்தது. அரபியில் 'அன்பர்' என்றால் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் வாசனைக் கட்டி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மாதம் ஒருமுறை "திமிங்கல உமிழ்நீர் கடத்தல், நால்வர் கைது" என்று நம் பத்திரிகைகளில் வருமே, அதே சரக்கு. அதுவும் கடற்கரையில் ஒதுங்கும், இதுவும் ஒதுங்கும், இரண்டையும் கொளுத்தினால் வாசம் வரும் என்பதற்காக ஐரோப்பியர்கள் அந்தப் பெயரையே இதற்கும் ஒட்டிவிட்டார்கள்.

அம்பரின் பூர்வீகத்தைப் பற்றிப் பழைய ஆட்கள் சொன்னவற்றைக் கேட்டால் சித்தப்பாவே தேவலை. சூரியனின் ரதத்தைக் கேட்காமல் எடுத்து ஓட்டி விபத்தில் இறந்த ஃபேத்தனுக்காக அவன் தங்கைகள் மரமாகி நின்று அழுத கண்ணீர்தான் அம்பர் என்றது கிரேக்கக் கதை. உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்பதற்கு உலகின் முதல் எச்சரிக்கை அதுவாகத்தான் இருக்கும். சோஃபக்ளீஸ் ஒருபடி மேலே போய், இந்தியாவுக்கும் அப்பால் சில பறவைகள் அழுகின்றன, அந்தக் கண்ணீர் என்றார். லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் சிறுநீர் உறைந்தது என்பது வேறொரு கட்சி. ஆண் பூனை பெய்தால் செக்கச்செவேல், பெண் பூனை என்றால் வெளிர் நிறம் என்று தர வித்தியாசம்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள். கூடவே போய் நின்று பார்த்ததுபோல!

முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றையும் கிண்டலடித்துவிட்டு, அது மரப்பிசின் என்று சரியாகச் சொன்னார். உள்ளே எறும்பும் கொசுவும் தெரிவதையே சாட்சியாகக் காட்டினார். ஆனால் அவர் காலத்து ரோமாபுரிக்கு அறிவு முக்கியமில்லை, ஆடம்பரம் முக்கியம். நீரோ மன்னன் காலத்தில் ஒரு பிரபு வடக்கே அனுப்பப்பட்டு அள்ளிவந்த அம்பரை, சண்டை அரங்கின் விலங்குத் தடுப்பு வலைகளில் முடிச்சுக்கு முடிச்சு வைத்தார்களாம். வந்ததில் பெரிய கட்டி 13 ராத்தல். ஓர் அம்பர் பொம்மையின் விலை உயிருள்ள அடிமையின் விலையைத் தாண்டியது என்று பிளினியே புலம்பியிருக்கிறார். பின்னால் வந்த டியூட்டானிக் வீரத்துறவிகள் பால்டிக் கரை அம்பர் முழுவதும் எங்களுடையது என்றார்கள். கரையில் நடந்துபோகிறவன் குனிந்து ஒன்றைப் பொறுக்கி மடியில் செருகினால் தூக்கு. சந்நியாசம் வாங்கியவர்கள்தான், ஆனால் சரக்கில் கண் இருந்தது.

விலை வந்துவிட்டால் போலி வராமல் இருக்குமா? இதில் எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஈ. பால்டிக் அம்பருக்குள் ஓர் ஈ. 1850இல் பதிவானது, 1922இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்குக் கழிவறைகளைச் சுற்றும் ஈயும் அதுவும் அச்சு அசல் ஒன்று. கோடி கோடி ஆண்டாக ஈ மாறவே இல்லை என்று ஆச்சரியப்பட்டார்கள். 1966இல் வில்லி ஹென்னிக் அதைப் பரிசோதித்து, சரிதான் என்று எழுதினார். ஹென்னிக் யார் தெரியுமா? உயிரினங்களுக்கு வம்சாவளி போடும் நவீன முறைக்கே தகப்பனார். 1993இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற இளைஞர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கின் சூட்டில் அம்பரில் ஒரு விரிசல் ஓடியது. விரிசல் வெகு நேராக, ஈயைச் சுற்றிக்கொண்டு போனது. பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் அம்பரை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் குடைந்து, சாதாரணக் கழிவறை ஈ ஒன்றைப் பிடித்து உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறான். மாறாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்? ஒன்றரை நூற்றாண்டில் ஈ எவ்வளவுதான் மாறும்?

இதைக் கேட்டதும் சித்தப்பா பதக்கத்தை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி, குமரிக்கண்டத்துக்கு வா" என்றார். வந்தேன். இந்த விஷயத்தில் அவருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது: அந்தக் கண்டத்தை முதலில் வரைந்தது தேவாங்குக்காக.

1864. லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளர் ஃபிலிப் ஸ்க்ளேட்டர். பறவை நிபுணர், வக்கீலுக்கும் படித்தவர். மடகாஸ்கரில் லெமூர் என்ற குரங்கின் ஒன்றுவிட்ட உறவு கூட்டம் கூட்டமாக இருக்கிறது. இந்தியாவில் அதன் சொந்தம் என்று அன்று கருதப்பட்ட தேவாங்கு, முழித்த கண்ணோடு கிளையைப் பிடித்துத் தொங்குகிறது. நடுவில் கடல். தேவாங்கு நீந்தாது, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போகவே அரைமணி யோசிக்கும். ஸ்க்ளேட்டர் வக்கீல் அல்லவா, இல்லாத நிலத்துக்கு ஒரு பத்திரம் எழுதினார். நடுக்கடலில் ஒரு கண்டம் இருந்தது, அது மூழ்கிவிட்டது. பெயர் லெமூரியா.

அந்தக் காலத்தில் இது ஒன்றும் தப்பில்லை. இரண்டு கரையில் ஒரே நத்தை கிடந்தால் உடனே நடுவில் ஒரு நிலப்பாலம் கட்டுவார்கள், நத்தை கடந்ததும் பாலத்தைக் கடலில் இறக்கிவிடுவார்கள். எந்த ஒப்பந்தக்காரரும் இவ்வளவு வேகமாகப் பாலம் கட்டியதும் கிடையாது, அது இவ்வளவு வசதியாக இடிந்ததும் கிடையாது. காலி மனையைப் பார்த்தால் யாராவது குடியேறத்தானே செய்வார்கள்? ஜெர்மனியின் ஹெக்கல் மனிதகுலத்தையே அங்கே பிறக்க வைத்தார். அடுத்து வந்தது பிளாவட்ஸ்கி அம்மையார், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். சபையின் தலைமையகம் 1882 முதல் நம் அடையாறு. 1888இல் வந்த அவருடைய நூலில் லெமூரியர்கள் ராட்சத உடம்போடு முட்டையிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும், கடல்கோள் நினைவை இலக்கியத்தில் ஏற்கெனவே வைத்திருந்த நம் ஆட்கள், இடம் தயாராக இருக்கிறதே என்று முதற்சங்கம், இடைச்சங்கம் உட்பட மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போய்க் குடியேறினார்கள். தேவாங்கு பாவம், வாடகைகூடக் கேட்கவில்லை.

"முட்டையா?" என்றார் சித்தப்பா. அவருக்கு அதுதான் வருத்தம்.

1912இல் ஆல்ஃபிரட் வேகனர் வந்து, கண்டம் ஒன்றும் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்கின்றன என்றார். தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் கிழிந்த செய்தித்தாள் மாதிரி பொருத்திக் காட்டினார். அவர் வானிலை ஆய்வாளர். மழை வருமா என்று சொல்ல வேண்டிய ஆள் மண்ணைப் பற்றிப் பேசலாமா என்று புவியியல்காரர்கள் எகிறினார்கள். 1930இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்துபோகும்வரை பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்க இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. நல்லவேளை, கண்டங்கள் அதற்காகக் காத்திருக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தன.

அதில் மிக அவசரமாக நகர்ந்தது நம் இந்தியாதான். ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிக் கிடந்தது, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரையும் உதறிவிட்டு வடக்கே கிளம்பியது. உச்ச வேகத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். விரல் நகம் வளர்வதைப் போல நாலைந்து மடங்கு. கண்டங்களின் கணக்கில் அது கண்மூடித்தனமான ஓட்டம். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் மேல் மோதியது, அந்த விபத்தின் நசுங்கல்தான் இமயமலை. ஃபேத்தனின் தங்கைகள் இங்கே வந்து அழுதிருக்கலாம்.

அறிஞர்கள் இப்போது வேறு ஒரு கணக்குப் போட்டார்கள். இத்தனை கோடி வருடம் நடுக்கடலில் தனித்தீவாக மிதந்தது என்றால், உள்ளே இருந்த பூச்சிகள் உலகத்தில் எங்கும் இல்லாத வகையாக வளர்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கங்காரு வளரவில்லையா? நியாயமான எதிர்பார்ப்புதான். ஆதாரத்துக்கு அந்தக் காலத்துப் பூச்சிகள் வேண்டும். அவை சூரத்துக்குப் பக்கத்தில் வஸ்தான் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தன. பழுப்பு நிலக்கரி என்றால் நெய்வேலி பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரியாகப் பாதி தூரமே போய் நின்றுவிட்ட பழங்காடு. அந்தக் கரிக்குள் சிறு சிறு கட்டிகளாக அம்பர், 5 கோடிக்கும் கொஞ்சம் மேற்பட்ட வயது.

அந்தப் பிசின் எந்த மரத்துடையது என்று பார்த்ததில்தான் எனக்கு ஒரே குஷி. குங்கிலியம்! நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் குங்கிலியம் வடிகிற சால் மரத்தின் குடும்பம். அரிசி வாங்கி வரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாரே திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர், அவர் 5 கோடி வருடம் முன்பே பிறந்து சூரத்துக்குப் போயிருந்தால் தாலிக்கு அவசியமே வந்திருக்காது. காட்டில் கை வைத்த இடமெல்லாம் வடிந்துகொண்டிருந்தது.

பால்டிக் அம்பர் கல்லாக இறுகியது, உள்ளே இருக்கும் பூச்சியை வெளியே இருந்து எட்டித்தான் பார்க்கலாம். குஜராத் அம்பர் அவ்வளவு இறுகவில்லை. குளோரோஃபார்ம், டொலுவீன் மாதிரித் திரவத்தில் போட்டால் கரைந்துவிடும், பூச்சி முழு உடம்போடு வெளியே வந்துவிடும். 5 கோடி வருடம் கழித்து ஜாமீனில் வந்த மாதிரி. மயிர்க்கால், கண்ணின் அறைகள், இறக்கை நரம்பு எல்லாம் அப்படியே. நூற்றைம்பது கிலோ அம்பரைச் சலித்து, 700க்கும் மேற்பட்ட பூச்சி வகையறாக்களை எடுத்து, 55 குடும்பம், சுமார் 100 இனம் என்று பிரித்தார்கள். ஜெர்மானிய, அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. முடிவு 2010இல் வெளியானது.

தனித்தீவின் அபூர்வக் குடிகளை எதிர்பார்த்து டப்பாவைத் திறந்தால், உள்ளே உட்கார்ந்திருந்தது ஊரெல்லாம் சுற்றும் கூட்டம். பலவற்றுக்கு நெருங்கிய சொந்தம் ஐரோப்பாவின் பால்டிக் அம்பரில் இருக்கிறது. சிலவற்றுக்கு ஆசியாவில். இன்னும் சிலவற்றுக்கு மெக்சிகோ, டொமினிகன் அம்பரில். நம் வீட்டுச் சுவர் ஓட்டையில் பிசின் குழல் வைத்துக் குடியிருக்குமே கொசுத்தேனீ, அதற்குப் பங்காளி முறையான, இப்போது அற்றுப்போன ஒரு தேனீக் குலம் அங்கே கிடந்தது. அந்தக் குலத்தின் மற்ற கிளை எங்கே? பால்டிக்கில். தீவு என்று பெயர்தான். மோதுவதற்கு முன்பே வழியில் இருந்த எரிமலைத் தீவுகளைப் படிக்கட்டாக வைத்து, காற்றில் ஏறி, மிதக்கும் கட்டையில் தொற்றி, பூச்சிகள் போக வர இருந்திருக்கின்றன. கப்பல் துறைமுகத்தைத் தொடும் முன்பே குதித்து இறங்கியவை. பேருந்து நிற்கும் முன்பே குதிக்கும் பயணிகளை நாம் பார்த்ததில்லையா, அந்த ஜாதி.

குங்கிலிய மரமாவது நம்முடையதா? இந்தியாவில் பிறந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனது என்று கொஞ்ச காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். 2022இல் மகரந்தப் புதைபடிவங்களைப் பார்த்து, அதன் மூலம் ஆப்பிரிக்கா, நம் ஊர் நடுவழித் தங்கல் என்று சொல்லிவிட்டார்கள்.

நியாயம் பேச வேண்டும் என்றால், கப்பலைவிட்டு இறங்காமலேயே வந்தவர்களும் உண்டு. 2003இல் இடுக்கியில் கண்டறிந்த ஊதாத் தவளைக்கு மிக நெருங்கிய உறவு செஷல்ஸ் தீவுகளில்தான். ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்றுகொண்டு கிடக்கும், மழைக்கு ஒருமுறை மேலே வரும், மூக்கு பன்றி மூக்கு. அதன் இன்னொரு இனத்தை 2017இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் பார்த்தார்கள். சித்தப்பா யாருக்காவது பூர்வகுடிச் சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுக்கலாம். வாங்க வெளியே வராது, அவ்வளவுதான்.

"பக்கத்துல பர்மா இருக்கே, அதாவது உள்ளதா?" என்றார். அதுவும் சிக்கல். பர்மா அம்பருக்கு வயது 9.9 கோடி. ஆனால் பிசின் வடிந்த நாளில் இன்றைய பர்மாவின் பெரும்பகுதி அங்கே இல்லை. பூமத்தியரேகைப் பக்கம் ஒரு தீவாக இருந்து, பிறகு இந்தியாவோடு சேர்ந்து வடக்கே வந்தது என்று 2019இல் ஓர் ஆய்வு சொல்கிறது. பூச்சிக்கு ஊர் கேட்டால் ஊரே ஓடிவந்தது என்று பதில். அந்த அம்பர்தான் 2015இல் மிட்சினா சந்தையில் ஒரு சீன ஆய்வாளர் கண்ணில் பட்டது. செடி என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அது இறகு முளைத்த குட்டி டைனோசரின் வால். 2020 மார்ச்சில் 'நேச்சர்' ஏடு அட்டையிலேயே போட்டுக் கொண்டாடிய பர்மா அம்பரின் 'உலகின் மிகச் சிறிய டைனோசர்' அதே ஜூலையில் பல்லி வகையறா என்று வாபஸ் ஆனது. செடி டைனோசராகும், டைனோசர் பல்லியாகும், எல்லாம் ஐந்தாறு வருடத்துக்குள். அந்தச் சுரங்கங்களைச் சுற்றி நடக்கும் சண்டையையும் அதில் சாகிறவர்களையும் பற்றித் தமாஷாக எழுத எனக்குக் கை வரவில்லை, தாண்டிப் போகிறேன்.

சித்தப்பா பேரன் அதற்குள் உள்ளே வந்து, கொசுவின் ரத்தத்திலிருந்து டைனோசர் எடுக்கலாமா என்று கேட்டான். சினிமா பார்க்கும் எந்தப் பையனும் கேட்பான். 1993 ஜூன் 10இல், லெபனான் அம்பரில் கிடந்த 12 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கூன்வண்டின் மரபணுவை எடுத்துவிட்டோம் என்று 'நேச்சர்' ஏட்டில் கட்டுரை. மறுநாள் அமெரிக்கத் திரையரங்குகளில் 'ஜுராசிக் பார்க்'. அவ்வளவு பொருத்தமான நாள் பார்க்க எங்கள் ஊர் ஜோசியராலும் முடியாது. பிற்பாடு மற்றவர்கள் முயன்று பார்த்ததில் ஒன்றும் வரவில்லை. இடையில் எங்கிருந்தோ புகுந்த இன்றைய மரபணுவாக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். படத்திலும் ஒரு வேடிக்கை: அம்பர் எடுப்பதாகக் காட்டும் ஊர் டொமினிகன் குடியரசு. அந்த ஊர் அம்பருக்கு வயது 2 கோடிகூடத் தாண்டாது. டைனோசர் போய்ச் சேர்ந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன். அந்தக் கொசு டைனோசரின் ரத்தத்தைக் குடித்திருந்தால், திவசத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

"அப்ப அம்பர்க் கொசு கடிச்சதே இல்லையா?" கடித்திருக்கிறது. லெபனான் அம்பரில் கிடைத்த, 2023இல் வெளியான இரண்டு கொசுவும் ஆண், இரண்டுக்கும் ரத்தம் குடிக்கிற வாய். இன்றைக்கு ஆண் கொசு பூந்தேன் குடித்துக்கொண்டு சாதுவாக இருக்கிறது, கடிக்கிற வேலை முழுக்கப் பெண் தலையில்.

"அந்த வேலையையும் எங்க தலையில கட்டியாச்சா?" என்றாள் சித்தி, காபியோடு வந்து.

பேச்சு கடைசியில் பதக்கத்துக்கே திரும்பியது. முதல் சோதனை தேலிஸ் செய்தது. 2,600 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கிரேக்கர் அம்பரைத் தேய்த்தால் துரும்பை இழுக்கிறது என்று பார்த்தார். அம்பருக்குக் கிரேக்கத்தில் எலெக்ட்ரான், அதிலிருந்துதான் இன்றைய மின்கட்டணம்வரை எல்லாம். சித்தப்பா வேட்டியில் நன்றாகத் தேய்த்தார். காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டோம். துணுக்குகள் பறந்துவந்து ஒட்டிக்கொண்டன. "பாத்தியா!" என்றார். பிளாஸ்டிக் சீப்பும் இழுக்கும் என்று பேரன் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

சூடான ஊசி வைத்துப் பார்க்கலாம், அம்பர் என்றால் பிசின் வாசம் வரும் என்றேன். ஊசியைப் பக்கத்தில் கொண்டுவர விடவில்லை. சரி, உப்புத்தண்ணீர். அம்பர் கனம் குறைவு, உப்பு கரைய மாட்டேன் என்று அடியில் தங்குகிற அளவு கரைசலில் மிதக்கும். கண்ணாடியும், பெரும்பாலான போலிப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். சித்தியிடம் கெஞ்சி ஒரு கண்ணாடி டம்ளரும் கல்லுப்பு டப்பாவும் வாங்கினோம். கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கி, கலங்கல் தெளியக் காத்திருந்தோம். சித்தப்பா சங்கிலியைக் கழற்றி, பதக்கத்தை மட்டும் பிரித்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் தண்ணீரில் விட்டார்.

அது ஒரு நொடி தயங்குவதுபோல் இருந்தது. பிறகு கொசு ஆறு காலையும் விரித்தபடியே, நேராக, நிதானமாக இறங்கிப்போய் டம்ளரின் அடியில் 'டிக்' என்று உட்கார்ந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். "கொசு கொஞ்சம் கனமான கொசுல்லா" என்றார் மெல்ல.

சித்தி உப்பு டப்பாவை எடுத்து மூடினாள். "குமரிக்கண்டத்துக் கொசு. தண்ணியக் கண்டா முங்கத்தான் செய்யும்."